நீட்டிய கால்

எனக்கு இருபத்தொன்பது வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேலாளர். முழங்கால்கள் இரண்டில் ஒன்று பூசணிக்காய் அளவு. அதையும் கூட்டிக்கொண்டு தாராபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனேன்.

தொடக்கம் வயிற்றில்தான். நான்கு நாள் காய்ச்சல், பேதி, வலப்பக்க அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. சர்ஜன் அமுக்கிப் பார்த்துவிட்டு குடல்வால் என்றார். அன்றைக்கே வெட்டி எடுத்தார். எடுத்தபின் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்: "குடல்வால் நல்லாத்தானுங்க இருந்துச்சு. பக்கத்துல நெறிக்கட்டிதான் வீங்கியிருக்கு." அந்த வாரம் என் உடம்பில் ஒழுங்காக இருந்த ஒன்றையும் வெட்டியாயிற்று.

மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் என் மொபெட்டைக் குற்றம் சொன்னார். முதலாளியோ, "ஆபரேசன்ல நரம்பை மாத்திக் கட்டிட்டானுங்க" என்றார். எலும்பு மருத்துவர் ஊசி போட்டு நீரை எடுத்தார். இரண்டே நாளில் அது திரும்பி வந்துவிட்டது, பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போன உறவுக்காரர் மாதிரி.

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர்தான் முழங்காலைப் பார்த்துக்கொண்டே வயிற்றை விசாரித்தார். 'யெர்சினியா' என்று ஒரு கிருமி. ஆடு, மாடு, பன்றியிலும் இருக்குமாம். கெட்ட தண்ணீரிலோ, காய்ச்சாத பாலிலோ, வேகாத கறியிலோ வந்து, குடல்வால் வலி மாதிரியே வேஷம் போடுமாம். "கிருமி போயிருக்கும். உங்க உடம்புதான் இன்னும் சண்டைய நிறுத்தல, அதான் முழங்கால் வீங்குது. உறுதியாச் சொல்ல இங்க டெஸ்ட் இல்ல. மாசக்கணக்காகும், பெரும்பாலும் தானாச் சரியாயிரும்" என்றார்.

ஆனால் பெண் பார்க்கும் நாள் அந்த ஞாயிறு. மூன்று வருடத்தில் பொருந்திய ஒரே ஜாதகம் என்று அம்மா தள்ளிப்போட மறுத்துவிட்டார். எனக்கும் மனமில்லை. புகைப்படத்தில் அந்தப் பெண் படித்த பக்கம் தவறாமலிருக்கப் புத்தகத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு, 'சீக்கிரம் எடுத்து முடிங்க' என்பதுபோல் பார்த்தாள். எனக்கு அந்த விரல் போதும்.

கூடத்தில் எல்லோரும் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டிருந்தார்கள். என் கால் மடங்காது. நாற்காலி கேட்டேன், வந்தது. அதில் உட்கார்ந்ததும் கால் தானாக நீண்டு, தரையில் இருந்த பெண்ணின் அப்பாவின் மீசைக்கு நேராக நின்றது. அவர் நகர்ந்தார். நானும் நாற்காலியைத் திருப்பினேன். இப்போது பெண்ணின் மாமனுக்கு நேராக. அவரும் நகர்ந்தார். காபி கொண்டுவந்த பெண், காலைச் சுற்றிக்கொண்டு வந்து தம்ளரை நீட்டும்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அந்த நாளில் எனக்குக் கிடைத்த நல்லது அது ஒன்றுதான்.

"ஏனுங் மாப்ள, காலுக்கு என்னாச்சுங்க?" என்றார் அவள் அப்பா.

உண்மை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்த உண்மை பேதியில் தொடங்குகிறது. பெண் எதிரே நிற்கிறாள், கையில் காபி வேறு. "வண்டில இருந்து விழுந்துட்டனுங்க" என்றேன்.

"பகல்லீங்களா, ராத்திரீங்களா?"

"ராத்திரீங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

மாமனும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை கல்யாணத் தரகர் வந்தார். "மாப்ள குடிச்சுட்டு வண்டி ஓட்டறாப்லன்னு வேண்டாங்கறாங்க."

பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மருத்துவர் எழுதிய சீட்டையும் நீட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "அப்ப நான் போயி, குடியில்லீங்க, பேதிதானுங்கன்னு சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

போய்ச் சொன்னார். இரண்டு நாளில் பதில் வந்தது. "குடின்னாக்கூட கண்ணாலம் ஆனா நிறுத்திப்போடலாமுங்களாம். கிருமின்னா பொறக்கற கொழந்தைக்கும் வருமாமுங்க."

ஐந்தாம் மாதம் முழங்கால் தானாக வற்றியது. ஒரு காலை, கூடத்தில் ஜமுக்காளம் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அருமையாக மடங்கியது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இத அன்னிக்குச் செஞ்சிருந்தா என்னடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.