கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்

என் சித்தி ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். சொந்தமாக அவளிடம் இருப்பது ஒரு சைக்கிள். சாலை ஓட்டப் பந்தயங்களுக்குப் பாதை அளக்கத் தேசியத் தடகளச் சம்மேளனம் அங்கீகரித்திருக்கும் சிலரில் அவளும் ஒருத்தி. முன்சக்கரத்தோடு சேர்ந்தாற்போல் ஒரு சின்னக் கருவி. சக்கரம் சுற்றச் சுற்ற அதில் எண் ஏறும்.

ஓடுகிறவர் போகக்கூடிய ஆகக் குறுகிய வழியில்தான் அளக்க வேண்டும். அதனால் வளைவுக்கு வளைவு பக்கம் மாறி, நடைபாதையை உரசுகிற மாதிரிப் போவாள். அவளிடம் கார் பழகும் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "எங்களை மட்டும் கோட்டைத் தாண்டாதேன்னு உசிரை வாங்குறாங்க" என்று சித்தப்பாவிடம் முறையிட்டார். "நீங்க காசு குடுத்து வாங்கிக்கிறீங்க, எனக்கு இலவசம்" என்றார் சித்தப்பா.

ஒரு பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்கு அவள் பாதை அளந்த அன்று, வண்டிகளை நிறுத்தக் கொடியோடு நான் கூடப் போயிருந்தேன். பத்து கிலோமீட்டர் முடிந்த இடத்தைத் தாண்டிப் போய் முடிவுக்கோட்டுக்கு ஆணி அடித்தாள். ஏன் என்று கேட்டேன்.

"கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட வைக்கணும். சம்மேளனத்தோட விதி. நம்ம கை பிசகலாம், ஓடினவங்க உழைப்பு பிசகக்கூடாது."

பந்தயத்தில், சலவைக்கடையில் இஸ்திரி போடும் பெண் ஒருத்தி தேசியச் சாதனையை முறியடித்தாள். ஊரே கைதட்டியது. ஆனால் சம்மேளனம் தலையசைக்காதவரை அது வெறும் பேச்சுதான். வேறொரு அளவையாளர் வந்து, அவள் ஓடிய பாதையை மறுபடி அளந்து, ஒரு சாண்கூடக் குறையவில்லை என்று சொல்ல வேண்டும்.

வந்தவர் ஒல்லியான பெரியவர். அவர் சைக்கிளில் அளந்தபடி போக, சித்தி, சித்தப்பா, அந்த இஸ்திரிப் பெண், நான் நால்வரும் வண்டியில் பின்தொடர்ந்தோம். ரவுண்டானாவில், தடுப்பு வைத்திருந்த கோட்டைச் சுற்றி அவர் திரும்பப் போனபோது சித்தி இறங்கி ஓடிக் குறுக்கே நின்றாள்.

"சார், அன்னிக்கு இங்க ஆம்புலன்ஸ் வந்துச்சு. தடுப்பை இழுத்து வழி விட்டது நான்தான். திரும்ப வைக்கிறதுக்குள்ள முன்னாடி ஓடி வந்தவங்க, இந்தப் பொண்ணும் சேர்த்து, உள்பக்கமா சுருக்கித் திரும்பிட்டாங்க. நீங்களும் உள்ளயே போங்க."

வண்டியில் இருந்த இஸ்திரிப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. "வாயைத் தைச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்ல, யாருக்குத் தெரியப்போகுது" என்று சித்தப்பா என் காதில் முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெரியவர் உள்பக்கமாகச் சக்கரத்தைத் திருப்பினார்.

முடிவுக்கோட்டில் அவர் குந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டார். அந்தப் பெண் சித்தியை ஒட்டி நின்றாள்.

"அக்கா, நான் ஓடினது பத்து கிலோமீட்டர்தானே?"

சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் நிமிர்ந்தார். ரவுண்டானாவில் ஏழெட்டு மீட்டர் குறைந்து போயிருந்தது. கூட வைத்த பத்து மீட்டரில் மிஞ்சியது ஒரு கட்டில் நீளம்.

"குறையலம்மா. பத்துக்கு மேலதான் இருக்கு. அப்படியே எழுதி அனுப்பிடறேன்."

அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். "அப்ப நான் கொஞ்சம் சேர்த்தே ஓடியிருக்கேன்."

"ஆமா, அதுக்குக் கூலி கிடையாது" என்றாள் சித்தி.

எல்லோரும் போன பிறகும் ஆணிக்கு முன்னால் இருந்த அந்தக் கட்டில் நீளத் தார்ச்சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அந்த விதியை எழுதி, முகம் தெரியாத ஒருத்தியின் மூச்சுக்காக, பிசகப்போகும் கைகளை முன்கூட்டியே மன்னித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பேருந்து அதன்மேல் ஏறிப் போனது.