ஒன்பதாவது கேள்வி

"வயரைக் கழற்றிட்டீங்களா? சரி. இப்ப நிதானமா முப்பது வரைக்கும் எண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மறுமுனையில் இருந்தவர் வாய்விட்டே எண்ணினார். குரலைக் கேட்டால் பெரிய உடம்புக்காரர் போலிருந்தது. பதினேழு என்றார். பதினெட்டு என்றார். அதோடு சரி. ஹெட்போனில் காற்றுகூட இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் ஸ்டூலின் மேல் அவளுடைய சொந்த வைஃபை பெட்டி, ஐந்து விளக்குகளும் அணைந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பெட்டி முழுதாக விழித்துக்கொள்ள இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் அந்த மனிதர் முப்பதை முடித்து, "எண்ணிட்டேம்மா" என்று யாருமில்லாத லைனில் இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பார். கையில் வயரோடு இன்னும் நின்றுகொண்டிருந்தாலும் இருக்கலாம்.

திரை திரும்பி வந்ததும் மேலே சிவப்பில் ஒரு வரி. இந்த மாதத் துண்டிப்புகள்: இரண்டு.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருடைய லைன் ஒரே மாதத்தில் மூன்று முறை அறுந்தால், மறுநாளே அலுவலகத்துக்கு வந்து உட்கார வேண்டும். கம்பெனி விதி. கெஞ்சினாலும் அழுதாலும் மாறாது. மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

பத்தொன்பது வருடமாக அவளுடைய வேலை இதுதான். வீட்டில் நெட் வராதவர்கள் கூப்பிடுவார்கள், அவள் போனிலேயே வழி சொல்வாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் முப்பது அக்கா. பெட்டியை அணைத்துப் பத்து வரை எண்ணிவிட்டுப் போடச் சொல்லுங்கள் என்றுதான் கம்பெனி புத்தகத்தில் இருக்கிறது. பத்து என்றால் ஜனங்கள் மூன்றிலேயே சொருகிவிடுவார்கள், முப்பது என்றால்தான் பத்தையாவது தொடுவார்கள் என்பது அவளுடைய கணக்கு. குரலுக்கு இருபத்தைந்து வயது. ஆளுக்கு நாற்பத்தாறு. வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும் நாத்தனாரிடம் வாசலில் நின்று, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று வாய் தவறிக் கேட்டவள். நாத்தனார் ஒரு மாதம் பேசவில்லை.

முதல் பதினெட்டு வருடம் மூன்றாவது மாடி ஹாலில் எண்பது பேரோடு ஓடியது. அங்கே ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் மேற்பார்வையாளரின் கண்ணாடி அறைக்குள். கழிப்பறைக்குப் போக வரிசைக்கு ஒரு சிவப்பு அட்டை. அட்டை மேஜையில் இருந்தால் போகலாம். பக்கத்து இருக்கைக்காரி எடுத்துக்கொண்டு போயிருந்தால், அவள் வரும்வரை வாடிக்கையாளரிடம் இனிக்க இனிக்கப் பேசியபடி காலைக் காலால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பதினோரு மாதத்துக்கு முன்னால்தான் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்தது. இப்போது மேஜைக்கு எதிரே ஜன்னல். கீழே சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடுவது தெரியும். மேஜைக்கு அடியில் வெந்நீர் பக்கெட். குரல் ஊருக்கு உழைக்கும், கால் பக்கெட்டில் ஓய்வெடுக்கும். எழுந்து போக யாரிடமும் அட்டை கேட்க வேண்டாம். இதை விட்டுவிட்டு அந்த ஹாலுக்குத் திரும்ப அவள் தயாராக இல்லை.

மேலதிகாரியிடம் சொல்லலாம் என்றால் அதுவும் ஆபத்து. 'வீட்டில் இணைப்பு சரியில்லை' என்று அவளே எழுதிக் கொடுத்தால், மூன்றாவது துண்டிப்புக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள்.

அன்று வேலை முடிந்ததும் பெட்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிட்டாள். அணைத்து, முப்பது எண்ணிப் போட்டாள். ஸ்டூலிலிருந்து அலமாரி உச்சிக்கு ஏற்றினாள். கேபிளை மாற்றினாள். வைஃபை அலைவரிசை எண்ணை ஆறிலிருந்து பதினொன்றுக்குத் தள்ளினாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்த கணவன், "நீதான் டாக்டராச்சே, நீயே பாரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். கடைசியில் கடவுச்சொல்லை மாற்றினாள்.

அரை மணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. மாடியில் குடியிருக்கும் பல்செட் செய்பவர் நின்றிருந்தார்.

"ஏங்க, உங்க நெட் ஏதாச்சும் ரிப்பேரா? திடீர்னு கிடைக்க மாட்டேங்குது."

"எங்க நெட் உங்களுக்கு எதுக்குங்க கிடைக்கணும்?"

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு, வேலை தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, பெட்டி மறுபடி செத்துப் பிழைத்தது. எட்டு மணியிலிருந்து ஒவ்வொரு அழைப்பையும் கையில் உயிரைப் பிடித்துக்கொண்டுதான் எடுத்தாள்.

பதினொன்று முதல் பதினொன்றேகால் வரை தேநீர் இடைவேளை. அந்த நேரத்தில் லைன் அறுந்தாலும், இடைவேளை முடிவதற்குள் திரும்பிவிட்டால் கணக்கில் வராது. அவள் மாமனாரின் அறைக்குப் போனாள்.

மாமனார் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டிய கடைக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவர். ஓய்வுக்குப் பிறகு பிடிக்க ஆளில்லாமல் நாள் முழுக்க மேஜை ரேடியோவோடு பேசிக்கொண்டிருந்தார். கரகரத்துக்கொண்டிருந்த அந்த ரேடியோ இரண்டு வாரமாகக் கணீரென்று பாடியது. தொல்லை ஒழிந்தால் ஏன் என்று யார் கேட்பார்கள்? யாரும் கேட்கவில்லை.

"மாமா, நெட் இணைப்பு உங்க பேர்லதானே இருக்கு. எங்க ஆபீசுக்கு நீங்க போன் பண்ணி கம்ப்ளெயின்ட் கொடுக்கணும். என் குரல் அங்க எல்லாருக்கும் தெரியும். நான் பக்கத்துல இருந்து எழுதிக் காட்டறேன், அதை மட்டும் சொல்லுங்க."

"புகாரா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

"போன்லதான் மாமா."

"இருக்கட்டும்மா."

ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தவள், நான்கு மாதத்துக்கு முன்னால் இவளே வீட்டிலிருந்தபடி வீடியோவில் வேலை சொல்லிக்கொடுத்த புதுப்பெண். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வணக்கம் ஐயா, என்ன பிரச்சினை சொல்லுங்க."

"பெட்டி அடிக்கடி செத்துச் செத்துப் பொழைக்குது."

"எந்த விளக்கு ஐயா அணையுது?"

அவள் காகிதத்தில் 'ஐந்தும்' என்று எழுதிக் காட்டினாள்.

"அஞ்சும்."

"சரி ஐயா, பெட்டியை அணைச்சுட்டு முப்பது வரைக்கும் எண்ணி..."

"முப்பதா? புக்குல பத்துன்னுதானே போட்டிருக்கு." அவர் கையில் பெட்டியோடு வந்த கையேடு இருந்தது. எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை.

புதுப்பெண் சிரித்தாள். "பத்துதான் ஐயா. இங்க ஒரு அக்கா இருக்காங்க, அவங்க கண்டுபிடிச்சது முப்பது."

"யாரும்மா அந்த அக்கா?" மருமகளைப் பார்த்தபடியே கேட்டார். "நல்லா வேலை செய்வாங்களா?"

"தங்கமானவங்க ஐயா. ஆனா பாடம் நடத்த உட்கார்ந்தாங்கன்னா, நம்மளையே அணைச்சுப் போட்டுட்டுத்தான் எழுந்திருப்பாங்க."

அவள் 'போதும்' என்று பெரிதாக எழுதினாள். மாமனார் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "சொல்லும்மா, கேக்க நல்லாயிருக்கு."

கேட்க வேண்டிய கேள்விகள் மொத்தம் பதினேழு. புதுப்பெண் வரிசையாகக் கேட்டாள். எட்டு முடிந்தது. அடுத்து பத்து வர வேண்டும். ஒன்பதாவதை விட்டுவிடுங்கள் என்று பயிற்சிக்கு வந்த அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தவளே முப்பது அக்காதான். ஊரே 'ஆமாம்' என்று பதில் சொல்லும் கேள்விக்கு இருபது வினாடி எதற்கு? ஒரு அழைப்பை ஆறு நிமிடத்துக்குள் முடித்தால்தானே நல்ல பெயர்?

"ஐயா, பெட்டியோட கொடுத்த அடாப்டரைத்தானே மாட்டியிருக்கீங்க?"

அவளுக்குக் கோபம் வந்தது. சொல்லிக்கொடுத்தது இதற்கா?

"இல்லையே" என்றார் மாமனார்.

பத்தொன்பது வருடத்தில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை அவள் கேட்டதில்லை. புதுப்பெண்ணும் இதை எதிர்பார்க்கவில்லை. காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இல்லையா ஐயா?"

"என் ரேடியோ கரகரன்னுச்சு. ரெண்டு அடாப்டரையும் பார்த்தேன். ரெண்டுலயும் பன்னெண்டுன்னு போட்டிருக்கு, முத்திரையும் சரியா இருக்கு, முனையும் ஒரே மாதிரி. பன்னெண்டும் பன்னெண்டும் சமம்தானே? மாத்தி மாட்டினேன். ரேடியோ இப்ப அருமையா பாடுது."

"மாமா!" என்று கத்திவிட்டாள்.

"அக்கா?" என்றது புதுப்பெண்ணின் குரல்.

மாமனார் கூரையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்தைத் தாண்டியிருந்தது. பெட்டி விழிக்கவே இரண்டு நிமிடம் வேண்டும், திரைக்குள் நுழைய இன்னும் ஒரு நிமிடம். அவள் ரேடியோவுக்குப் பின்னால் கையை விட்டு அடாப்டரைப் பிடுங்கினாள். நாளை மழைக்கு வாய்ப்பு என்று சொல்லவந்த குரல் பாதியில் நின்றது.

"ஏம்மா, செய்தி ஓடுதில்ல?"

அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓடினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்த பெட்டியின் வயரைக் கழற்றினாள். பின்னாலேயே போனைத் தூக்கிக்கொண்டு வந்த மாமனார், ஸ்பீக்கரில் கேட்ட யோசனைப்படி, வீதிக்கே கேட்கும்படி எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

அவள் மூன்றிலேயே சொருகினாள்.

"புக்குல பத்து" என்றார் மாமனார்.

"சும்மா இருங்க மாமா!"

முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது சிமிட்டிக்கொண்டே இருந்தது. போனில் புதுப்பெண், கம்பெனி சொல்லிக்கொடுத்த அத்தனை இனிமையோடும், "உங்கள் பொறுமைக்கு நன்றி ஐயா" என்றாள். அவளுடைய சிரிப்பு அடங்கவில்லை. ஐந்தாவது விளக்கு எரிந்தபோது பதினொன்று பதினான்கு. தன் நுழைவு எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவது முறை உள்ளே போனாள். ஹெட்போனை மாட்டியதுமே அடுத்த அழைப்பு வந்தது. இடைவேளை முடிய எட்டு வினாடி மிச்சமிருந்தது.

துண்டிப்புகள் இரண்டிலேயே நின்றன.

மாலையில் இரண்டு அடாப்டர்களையும் மேஜையில் வைத்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பெரிய எழுத்தில் இரண்டிலும் பன்னிரண்டு வோல்ட். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒன்றில் இரண்டு ஆம்பியர், மற்றதில் அரை.

"ரெண்டும் ஒரே உயரம்தான் மாமா. ஆனா ஒருத்தன் மூட்டை தூக்குவான், இன்னொருத்தன் பைதான் தூக்குவான். பெட்டிக்கு வேலை ஏறினதும் பைக்காரன் மயக்கம் போட்டு விழுந்துடறான்."

மாமனார் மூக்குக்கண்ணாடியை மாட்டி, எறும்பு எழுத்தை நெடுநேரம் பார்த்தார்.

"என் காலத்துல ஒரு கடைக்காரன் அளவை இவ்வளவு சின்னதா எழுதியிருந்தான்னா கடையையே மூடி சீல் வெச்சிருப்பேன்."

"நீங்க மாத்தினப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீ கேட்டிருக்கலாம். அந்தப் பொண்ணு கேட்டுச்சு, சொன்னேன்."

அவள் அரை ஆம்பியர் அடாப்டரை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் புதுப்பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, ஒன்பதை இனிமே எல்லாரும் கேக்கலாமா?' அவள் எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினாள். 'கேளுங்க. யார் வீட்டுல கண்டுபிடிச்சோம்னு மட்டும் சொல்லாத.'

மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்கு உட்கார்ந்தாள். மாலைவரை நாற்பத்தொரு அழைப்புகள் வந்தன. லைன் அறுபடவில்லை. மூன்று மணிக்கு, மூன்று முறை லைன் அறுந்து அடுத்த நாளே அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டியவர்களின் பட்டியலை மேற்பார்வையாளர் எல்லோருக்கும் அனுப்பினார். நான்கு பெயர்கள் இருந்தன. அவளுடையது இல்லை. கணவன் கடையிலிருந்து வரும் வழியில் ரேடியோவுக்குப் புது அடாப்டர் வாங்கிவந்தான். மாமனார் அதைப் படித்துப் பார்த்து, சரி என்றார். ஆறு மணிவாக்கில் லேசாகத் தூறியது. அவள் கொடியிலிருந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டாள்.