லைன் கட்டான மூன்று நாள்

லிங்கராஜபுரத்தில் பிலோமினா மேட்ரன் என்றால் சர்ச் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒரு கான்வென்ட் ஹாஸ்டலில் இருபத்தாறு வருஷம் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் காலத்தில் சனிக்கிழமையானால் பிள்ளைகள் வீட்டுக்குப் போன் பேச வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம். பிலோமினா கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்பாள். அழுகிற பிள்ளைக்குக்கூட ஆறாவது நிமிஷம் கிடையாது. கண்டிப்பானவள், ஆனால் கெட்டவள் இல்லை என்றுதான் தெருவில் சொல்வார்கள். அவளும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தாள், போன ஆயுத பூஜை வரைக்கும்.

அவர்கள் வீட்டு மாடியில் ஒரு ஒற்றை அறை. இரண்டு வருஷமாக அதில் நேமா குடியிருந்தாள். தான்சானியாவிலிருந்து பார்மசி படிக்க வந்த பெண். விசா நீட்டிப்பு வராமல் இழுத்துக்கொண்டிருந்ததால் அவளுடைய சிம்மை நிறுத்திவிட்டார்கள். கீழ்வீட்டு வைஃபைதான் ஒரே வழி. "இப்போ எனக்கு இது மட்டும்தான் ஆன்ட்டி" என்று அவளே பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொல்லியிருந்தாள். அவள் அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்பதும், விசா கைக்கு வராமல் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்பதும் பிலோமினாவுக்குத் தெரியும்.

நேமா ஒரு நாளைக்கு மூன்று தடவை அம்மாவோடு வீடியோ காலில் இருப்பாள். தண்ணீர்த் தொட்டிமேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இவள் இங்கே வெங்காயம் நறுக்குவாள், அந்த அம்மா அங்கே மீன் கழுவுவாள். சில சமயம் அரை மணி நேரம் பேச்சே இருக்காது. ஆளுக்கு ஆள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். துணி காயப்போட பிலோமினா மாடிக்கு வந்தால் அந்த அம்மா திரையிலிருந்து கையை ஆட்டுவாள். பிலோமினாவும் ஆட்டுவாள்.

பிலோமினாவுக்கு ஒரே மகன், கிரண். சந்தாபுராவில் வீடு கட்டிக்கொண்டு போனவன். மருமகள் ஷோபாவோடு ஒரு ஞானஸ்நான விருந்தில் வாய்த் தகராறு வந்ததிலிருந்து அம்மாவோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஆயுத பூஜை, வெள்ளிக்கிழமை, காலையில் அப்பாவுக்குப் போன் செய்தான்.

"அப்பா, பாத்ரூம்ல டைல்ஸ் வேல நடக்குது. மூணு நாள் வந்து கூட நின்னு பாத்துக்கோங்க."

"சரிடா. அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசேன்" என்று பிலோமினாவின் கணவர் சின்னப்பா போனை நீட்டினார்.

"அப்புறம் பேசறேன்னு சொல்லுங்கப்பா." ஸ்பீக்கரில் இருந்தது. பிலோமினா காதில் விழுந்தது.

சின்னப்பா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மத்தியானம் பிலோமினா துணி வாளியோடு மாடிக்குப் போனாள். நேமா எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். திரைக்குள்ளிருந்து அந்த அம்மாவும் சிரித்தாள். பிலோமினா துணியைக்கூடக் காயப்போடவில்லை. கீழே வந்து, கட்டிலுக்குப் பின்னால் கைவிட்டு வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

பத்து நிமிஷத்தில் நேமா வாசலில் நின்றாள். "ஆன்ட்டி, நெட் போச்சு."

"லைன் கட் மா. கம்பெனிக்குச் சொல்லிட்டேன். பூஜை லீவு, ஆளு வரமாட்டான்."

சாயங்காலம் திரும்பச் சொருகிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் சாயங்காலம் மாடியில் சத்தமே இல்லை. அந்த நிசப்தம் அவளுக்குச் சுகமாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கியதையாவது கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம், இந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது? பிற்பாடு அவளால் ஜீரணிக்க முடியாமல் போனது இதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது நேமா மறுபடி வாசலில் நின்றாள். தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் லீவுக்கு மைசூர் போயிருந்தார்கள்.

"ஆன்ட்டி, அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு தெரியல. உங்க போன்ல ஹாட்ஸ்பாட் குடுங்க. அஞ்சு நிமிஷம்."

"என் போன்லயும் டேட்டா தீந்துபோச்சு மா."

சொல்லும்போது அவள் கையில் இருந்த போனில், சின்னப்பா அனுப்பிய டைல்ஸ் படம் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலையில், சின்னப்பா வருவதற்கு முன்னால் பிளக்கைச் சொருகினாள். நேமா காலேஜுக்குப் போயிருந்தாள். பதினொரு மணிக்கெல்லாம் திரும்பி வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலேஜ் வைஃபை கிடைத்ததும் போனில் நூற்றுக்கு மேல் மெசேஜ் கொட்டியிருந்தது. அப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலமே இறந்துவிட்டார். ஞாயிறு அடக்கம். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, மகள் லைனில் வருவாள் என்று ஒரு மணி நேரம் காத்திருந்து, பிறகுதான் பெட்டியை மூடினார்களாம். அண்ணனின் கடைசி மெசேஜ்: இனி எனக்குப் போன் பண்ணாதே.

பிலோமினா அவளைக் கட்டிக்கொண்டாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

"கம்பெனிக்காரன் மேல கோபம் வருது ஆன்ட்டி" என்றாள் நேமா. "நீங்க சொல்லியும் அவன் வரல."

பிலோமினா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் விஷயம் கேட்ட சின்னப்பா, "லைன் கட்டா? என் பேர்லதானே இருக்கு, எனக்கு ஏன் சொல்லல? அங்கிருந்தே கம்பெனிக்குப் பேசியிருப்பேனே" என்றார். பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டுத் தொலைத்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

சர்ச்சுக்குப் போய், சாமியாரிடம் நடந்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். "ஆண்டவர் மன்னிப்பார். அந்தப் பிள்ளைகிட்டயும் சொல்லிடுங்கம்மா" என்றார் சாமியார். ஒன்பது நாள் தள்ளிப்போட்டாள். தினம் இட்லியோ குழம்போ மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, நேமா "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்வதற்குள் கீழே ஓடி வருவாள். பத்தாம் நாள் வெறுங்கையோடு ஏறினாள்.

"நேமா, லைன் கட் ஆகல. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்."

நேமாவுக்குப் புரியவில்லை. பிலோமினா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் திரும்பச் சொன்னாள். "கம்பெனி இல்ல. மீ. ஐ ரிமூவ்."

"ஏன்?"

"என் பையன் என்கிட்ட பேசல. நீ உங்கம்மாகூட சிரிச்சிட்டிருந்த. எனக்குப் பொறுக்கல."

நேமா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள். "நான் வேணும்னே எடுக்கலன்னு அண்ணன் நினைக்கிறான். அவன்கிட்ட நீங்க சொல்லுங்க. இப்பவே."

வீடியோ காலை அம்மாதான் எடுத்தாள். தலையில் கறுப்புத் துணி கட்டியிருந்தாள். அண்ணனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிலோமினா எல்லாவற்றையும் சொன்னாள், ஹாட்ஸ்பாட் பொய்யையும் விடாமல். நேமா மொழிபெயர்த்தாள். அண்ணன் பிலோமினாவை ஒரு தடவை நேராகப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான். அந்த அம்மா ஏதோ கேட்டாள். நேமா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"துணி காயப்போட வருவாங்களே, அவங்களா? அப்படின்னு கேக்கறாங்க."

பிலோமினா தலையை மட்டும் ஆட்டினாள்.

அதுவரை அனுப்ப மறுத்திருந்த அடக்கத்தின் வீடியோவை அண்ணன் அன்றைக்குச் சாயங்காலமே தங்கைக்கு அனுப்பினான். மறுநாள் நேமா போனோடு கீழே வந்தாள்.

"தனியா பாக்க முடியல. நீங்க கூட உக்காரணும்."

ஆன்ட்டி என்று சொல்லவில்லை. இதைவிட அவள் திட்டியிருக்கலாம். பிலோமினா உட்கார்ந்தாள். ஐம்பது நிமிஷ வீடியோ. சிவப்பு மண், குடை பிடித்த பெண்கள், அர்த்தம் தெரியாத பாட்டு. பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது நேமா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோளைத் தொடப் போன பிலோமினாவின் கை பாதியில் நின்றது. மடியில் வைத்துக்கொண்டாள். முடியும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

டிசம்பரில் நேமா வேறு இடம் பார்த்துக்கொண்டு போனாள். அந்த அறை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. ஏன் வாடகைக்கு விடவில்லை என்று சின்னப்பா கேட்டால், சுண்ணாம்பு அடிக்கணும் என்கிறாள்.