பீரோவுக்குள் வாசித்த பாடங்கள்

என் அம்மா அமலோற்பவம் உளுந்தூர்பேட்டையில் ஒரு தொலைநிலைக் கல்வி மையத்தில் அலுவலக உதவியாளர். பதினெட்டு வருடம். கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது, விண்ணப்பங்களைக் கட்டி வைப்பது. பத்தாவது வரை படித்தவர். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பார். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மையத்தின் கதவைத் திறக்கும்போது மாரடைப்பு. வயது ஐம்பத்தாறு.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் அவருடைய ஃபோனைத் திறந்தேன். எழில்மதி என்ற பெயரில் ஆறு குரல் பதிவுகள். கடைசிப் பதிவு அன்று காலை வந்தது. “ஆன்ட்டி, பன்னெண்டாவது பாடம் இன்னும் வரலியே. உடம்பு கிடம்பு சரியில்லியா? பரீட்சைக்கு ஒம்போது நாள்தான் இருக்குது.”

எழில்மதியை எனக்குப் பெயரளவில் தெரியும். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊர். பிறவியிலேயே பார்வை கிடையாது. பி.ஏ. வரலாறு. போன வருடம் அவளும் அவள் அம்மாவும் ஜீப்பும் இரண்டு பஸ்ஸும் மாறி மையத்துக்கு வந்து பாடங்களைத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். “எல்லாம் ஆன்லைன்ல போட்டாச்சு, இறக்கிக்கங்க” என்று பதில். போட்டிருந்தது உண்மைதான், ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோட்டோவாக. எழில்மதியின் ஃபோன் எழுத்தைப் படித்துச் சொல்லும். ஃபோட்டோ வந்தால் “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். அன்று மையத்து வராந்தாவில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தள்ளி “படம், படம்” என்று அவள் கேட்டுக்கொண்டிருந்ததை அம்மா பார்த்திருக்கிறார்.

அன்று மாலையே என்னைக் கூப்பிட்டார். “எஸ்தரு, உன் வேலையே இதானடி? கண்ணு தெரியாதவங்களும் படிக்கிற மாதிரி இருக்குதான்னு பாக்குறது?”

அதுதான் என் வேலை. சென்னையில் உட்கார்ந்து வங்கிகளின் இணையதளங்களைச் சோதிக்கிறேன். “அனுப்பும்மா, பாக்குறேன்” என்றேன். அனுப்பினார். நான் பார்க்கவில்லை. பிறகு இரண்டு முறை கேட்டார். அதன் பிறகு கேட்கவில்லை. தானே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் மாதா கோயிலில் வைத்து வாசித்தார். “கெணத்துக்குள்ள நின்னுக்கினு பேசற மாதிரி இருக்குது ஆன்ட்டி” என்றாள் எழில்மதி. வீட்டில் வாசித்தால் நெடுஞ்சாலை லாரிகள். கடைசியில் பீரோவைத் திறந்து, புடவைகளுக்குள் தலையை விட்டு வாசித்தார். ஒலிப்பதிவுக்கு அது நல்ல இடம். துணி எதிரொலியை விழுங்கிவிடும். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பதிவு நாலு நிமிடம். நீண்டால் மலையில் சிக்னல் போதாமல் ஃபோனில் இறங்காது.

மூன்றாம் பாடத்தின் முடிவில், பழக்கதோஷத்தில், பூசை வாசகத்தை முடிப்பது போல “இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு” என்று முடித்திருக்கிறார்.

“ஆன்ட்டி, கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அது பரீட்சைக்கு வருமா?”

“வராதுடி. அது தன்னால வாயில வந்துடுச்சி. வுட்டுடு.”

எப்படி வாசிக்க வேண்டும் என்று எழில்மதிதான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அம்மா அவற்றை ஒரு பழைய டைரியில் குறித்து வைத்திருந்தார். பக்க எண்ணை முதலில் சொல்லணும். படம் வந்தால் அதில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லணும், அழகாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் தலைப்பைச் சொல்லணும். என் அலுவலகத்தில் இதே விதிகளுக்கு நாற்பது பக்கக் கையேடு இருக்கிறது. அம்மாவுக்கு ஒன்றரைப் பக்கம் போதுமானதாக இருந்தது.

பதினான்கில் மூன்று பாடங்கள் பாக்கி. ஃபோட்டோவிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளில், ஆறுகளும் பாசனமும் பற்றிய பன்னிரண்டாம் பாடத்தைப் போட்டு, கணினிக் குரலில் ஒலியாக்கி, அம்மாவின் ஃபோனிலிருந்தே அனுப்பினேன். பிழை பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்லவும் துணிவில்லை.

ஒரு மணி நேரத்தில் அழைப்பு வந்தது.

“இது ஆன்ட்டி இல்ல. யாருங்க நீங்க?”

“அவங்க பொண்ணு.”

“ஆன்ட்டி எங்க?”

சொன்னேன். எதிர்முனையில் ஓர் ஆடு கத்தியது.

“எனக்கு யாருமே சொல்லலியே. நான் பாட்டுக்கு பாடம் வரல, பாடம் வரலன்னு கேட்டுக்கினு இருந்தேனே.”

“பரவால்ல எழில்.”

“பரவால்லன்னு எப்டிக்கா சொல்றீங்க?”

அழுதாள். நானும். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க அனுப்புனது ஒண்ணும் புரியல” என்றாள். “அணைங்க பட்டியல்ல ஆத்துப் பேரெல்லாம் ஒரே மூட்டையா வருது, அப்பறம் நம்பரெல்லாம் ஒரே மூட்டையா வருது. எந்த ஆத்துக்கு எந்த நம்பரு?”

வேறொருவர் இப்படிச் செய்திருந்தால் நானே குறை எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

“நானே வாசிச்சு அனுப்பட்டுமா?”

“வோணாம்கா. எழுத்தா குடுங்க. என் ஃபோனே படிக்கும், வோண்டியத தேடிக்கலாம். ஆன்ட்டி பாடத்துல ஒரு வரி மறந்துட்டா மொத்தத்தையும் திரும்ப கேக்கணும். அவங்க அவ்ளோ பாடுபட்டு வாசிக்கிறப்ப அத எப்டி சொல்றது?”

விடுப்பை நீட்டித்தேன். மூன்று பாடங்களையும் வரிவரியாகத் திருத்தி, அட்டவணைகளைப் புதிதாகக் கட்டினேன். ஆறுகளின் வரைபடத்தை விவரித்து எழுதி ஃபோனில் வாசித்துக் காட்டினேன். “தென்பெண்ணை வளைந்து நெளிந்து…”

“அது கெடக்கட்டும்கா. எங்க போயி கடல்ல சேருது?”

கடலூர் அருகே என்று எழுதினேன்.

தேர்வு கள்ளக்குறிச்சியில். நான் வெளியே நின்றேன். எழில்மதி சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளைக் கொடுத்திருந்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள்.

“அணை கேள்வி வந்துச்சுக்கா. நான் வரிசையா சொல்லிக்கினே போனேன், எழுதுனவங்கதான் பாவம், கை வலிக்குதுன்னாங்க.”

“பாஸ் ஆயிடுவியா?”

“இது இன்னா கேள்வி? மார்க்கு ஜாஸ்தி வருமான்னு கேளுங்க.” பஸ் நிறுத்தம் வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். “அக்கா, மொத பதினோரு பாடத்தையும் எழுத்தாக்கிடுங்க. அடுத்த வருசம் எங்க பக்கத்து ஊர்ப் பொண்ணு சேருது. அதுக்கும் கண்ணு தெரியாது.”

அந்த வேலைதான் இப்போது நடக்கிறது. முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புவேன். மென்பொருள் பிரித்த எழுத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் பதிவை ஓடவிட்டு, பிழை பார்க்கிறேன். நான்காம் பாடத்தில் ஓரிடத்தில் நிறுத்தி, “ஐயையோ, வரி மாறிடுச்சி” என்கிறார். புடவைகள் சரசரக்கின்றன. மீண்டும் பத்தியின் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறார். திரையில் அந்தப் பத்தி சரியாகத்தான் இருக்கிறது. அவர் முடிக்கும் வரை கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறேன்.