காயிலில் பூசிய விபூதி

தங்கையின் கணவரை நான் பொய்யர் என்று சொன்னேன். அதுவும் அவர் வீட்டு வாசலில், அவர் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்றைக்கு எனக்கு அந்த மட்டுப் புத்திகூட இல்லை.

அவர் பாசிர் கூடாங்கில் காதைப் பிளக்கும் சத்தத்தோடு தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்ப்பவர். வீடு மாசாயில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். கொஞ்சம் முறுக்கச் சொல்லிக் கேட்பார், செயின் என்பார், வால்வு என்பார், அதுவாகத்தான் இருக்கும். அந்தக் காதுதான் அவருக்குக் கௌரவம். எனக்கோ அப்பா அம்மா போய்விட்டார்கள், கல்யாணமும் அமையவில்லை. செனாயிலிருந்து வாரம் தவறாமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வர எனக்கென்று இருந்தது அந்த ஒரு வீடுதான்.

என் பழைய காரின் இன்ஜினை அவர்தான் எட்டு மாதம் ஞாயிறு ஞாயிறாகப் பிரித்துக் கட்டினார். இரண்டு கார்புரேட்டர் வைத்து, ஏழாயிரம் சுற்று வரைக்கும் இழுக்கும்படி செய்து கொடுத்தார். வேலை முடிந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. நானே டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பானெட்டைத் திறந்து, விபூதியைத் தண்ணீரில் குழைத்து, பிளக்குக்கு மின்சாரம் அனுப்புகிற காயிலின் தலையில் மூன்று பட்டை இழுத்தேன். கறுப்பாக, வழவழவென்று இருந்த அந்த இடத்தில்தான் பட்டை எடுப்பாகத் தெரிந்தது.

அடுத்த வாரமே தொல்லை ஆரம்பித்தது. ஐயாயிரம் வரைக்கும் ஒழுங்காகப் போகும் வண்டி, ஆறாயிரத்தைத் தொட்டதும் விக்கியது, இருமியது, இழுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பெட்ரோல் போதவில்லை என்று அவர் கார்புரேட்டரில் பெட்ரோல் பாய்கிற ஜெட்டைப் பெரிதாக மாட்டினார். அப்புறம் சின்ன ஜெட். பிளக்கை மாற்றினார், பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பார்த்தார். இன்ஜினில் ஒரு துளி எண்ணெய் விடாமல் துடைத்தார். விபூதியை மட்டும் தொடவில்லை. சாமிக்கு வைத்ததை யார் துடைப்பார்கள்?

இரண்டாவது ஞாயிறு, அவர் குனிந்து நிற்க, நான் அவருக்குப் பக்கத்தில் நின்று கார்புரேட்டர் கம்பியைக் கையாலேயே இழுத்து இன்ஜினை முறுக்கினேன். காயில் பக்கமிருந்து மெலிதாக டிக், டிக் என்று ஒரு சத்தம். நகத்தைச் சொடுக்குவதுபோல.

“மாப்ள, ஏதோ டிக் டிக்குங்குது பாருங்க.”

“ஒன்னும் கேக்கலையே, மச்சான்.”

மறுபடி முறுக்கினேன். சத்தம் அவர் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வருகிறது. அவர் தலையை ஆட்டி, இல்லை என்றார். தான் கட்டிய இன்ஜினில் குறை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மனசில்லை இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன். என் நாக்கில் சனி உட்கார்ந்தது. “வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, பொய் சொல்லாதீங்க” என்றேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தீபாவளிக்குத் தங்கை மட்டும் முறுக்கு டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். அவருக்கு வேலை என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு நாள் மதியம் மழை கொட்டியது. வண்டியைக் கொட்டகைக்குள் விட்டு ஷட்டரைப் பாதி இறக்கி, பானெட்டைத் திறந்து, கையை நீட்டி முறுக்கினேன். அந்த அரையிருட்டில் காயிலின் தலையில் நீலமாக ஒரு நூல் ஓடியது. நடுப் பட்டை வழியாகவே ஓடி, ஓரத்து இரும்பில் குதித்து, டிக் என்றது. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி, ஈரம் குடித்த என் விபூதியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. துடைத்துப் பார்த்தேன், அடியில் கரிந்து கோடு விழுந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். வேறு காயில் மாட்டியதும் வண்டி ஏழாயிரம் வரைக்கும் விக்கலே இல்லாமல் ஏறியது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

பழைய காயிலையும் எடுத்துக்கொண்டு மாசாய்க்குப் போனேன். கேட்டில் நின்று “மாப்ள” என்று கூப்பிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது, நியாயம்தான் என்று நின்றேன். தற்செயலாகத் திரும்பியவர் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஓடி வந்து கேட்டைத் திறந்தார்.

நடந்ததை எல்லாம் சொல்லி, தப்பு என்மேல்தான் என்றேன். அவர் காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப நெசமாவே சத்தம் வந்துச்சா? என்மேல பழி போட நீங்கதான் பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன், மச்சான்.”

அதையே திரும்ப மாட்டச் சொன்னார். மாட்டினேன். கோடு இப்போது நன்றாகக் கரிந்துவிட்டதால் முறுக்கவே வேண்டியிருக்கவில்லை, இன்ஜின் சும்மா ஓடும்போதே டிக் டிக் என்று அடித்தது. அவர் குனிந்து, ஒரு காதைக் கொடுத்தார். பிறகு மறு காதைக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்ஜின் ஓடுறது நல்லா கேக்குது” என்றார். “இப்பவும் அடிக்குதா?”

அதற்குள் தங்கை காப்பித் தட்டோடு வாசற்கதவு வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே நின்றபடியே, “என்னண்ணே அது, டிக்கு டிக்குன்னு சத்தம்?” என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்தார். அவள் என்ன கேட்டாள் என்று தெரிந்துகொள்ள என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிப் பார்ப்பதைத் தங்கையும் பார்த்துவிட்டாள்.