ஆலை நின்ற நாட்களில் கேட்ட திமிங்கலம்

என் வேலையை யாரிடமும் விளக்கிச் சொல்லி நான் ஜெயித்ததில்லை. கடலுக்கடியில் எடுத்த சத்தத்தைக் கேட்டு எழுதுகிறேன் என்று சொன்னதற்கு, நேரம் போகவில்லையென்றால் முந்திரிக்கொட்டை உடைக்க வா என்றாள் ஆண்டிமடத்து நாத்தனார். ஆனால் வேலை அதுதான். எங்கோ ஒரு குளிர்க்கடலில் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அவை சுற்றும்போது எழும் இரைச்சல் தூண் வழியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அங்கே திரியும் திமிங்கலங்களை அது என்ன செய்கிறது என்று பார்க்க, நீருக்கடியில் மைக் போட்டுப் பதிவு செய்கிறார்கள். கம்ப்யூட்டர் ஒருபக்கம் கணக்கெடுக்கும். மனிதக் காதுக்கு என்ன கேட்கிறது என்று எழுத, அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் இருக்கிறேன்.

முதலில் வந்த பதிவுகளைக் கேட்டு, திமிங்கலக் குரல் எங்கே, படகு எங்கே, மழை எங்கே என்று குறித்தேன். பின்னணி என்ற கட்டத்தில் வரிசையாக ‘அமைதி’ என்று போட்டு அனுப்பினேன். சனிக்கிழமை, சென்னையிலிருந்து இந்த வேலையை மேற்பார்வையிடும் ஒரு அம்மா போன் செய்தார்.

“எல்லாத்துலயும் அமைதின்னு போட்டிருக்கீங்க. அன்னிக்கெல்லாம் காத்தாடி ஓடிக்கிட்டே இருந்திருக்குங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் காதைக் குறை சொல்ல இவர் யார்? ஃபைல் மாறியிருக்கும் என்று வாதாடினேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி கேட்டு அனுப்பச் சொன்னார். அதுவும் சரியில்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். மகள் பிறந்து எட்டு வருஷம் கழித்து எனக்கென்று கிடைத்த முதல் வேலை அது. பிடித்த வேலையும்கூட. இரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சத்தியமாக ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, வருஷாந்திரப் பராமரிப்புக்கு ஆலையை நிறுத்தினார்கள். அங்கே வேலை பார்க்கும் என் கணவர் அந்த நாட்களில் வீடு தங்கமாட்டார். நானும் மகளும் வழக்கமாகச் செட்டிகுளத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். ஏண்டி ரெண்டு பேரும் இப்படிக் கத்துறீங்க என்று அங்கே சிரிப்பார்கள். எங்கள் சுபாவம் அப்படி என்று நினைத்திருந்தேன். இந்த வருஷம் வேலைக்காக வீட்டிலேயே இருந்தேன்.

மறுநாள் காலை காதில் ஏதோ அடைத்ததுபோல இருந்தது. அடைப்பு எடுபட்டிருக்கிறது என்பது அப்புறம்தான் விளங்கியது. சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. அடுத்த வீட்டில் பூண்டு நசுக்குவது கேட்டது. மகளைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

“ஏம்மா கத்துற? இங்கதான இருக்கேன்” என்றாள்.

சோறு போட்டுவிட்டு ஓடிப்போய் ஹெட்போனை மாட்டினேன். அடக் கடவுளே, இருந்தது. ம்ம்ம் என்று ஒரே சீராக, எங்கள் ஆலையைப் போலவே. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் காது ஒதுக்கித் தள்ளிப் பழகிய சத்தம். அதைப்போய் அமைதி என்று எழுதியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

அந்த இரைச்சல் பிடிபட்ட பிறகுதான் திமிங்கலத்தையும் ஒழுங்காகக் கேட்டேன். தாயும் குட்டியும் என்று ஒரு பதிவில் குறிப்பு இருந்தது. காற்று ஓய்ந்து காற்றாலைகள் நின்றிருந்த நேரத்தில் இரண்டும் முணுமுணுப்பாகப் பேசிக்கொண்டன. இரைச்சல் தொடங்கியபின் ஒரு குரல் வந்தது, பதில் இல்லை. அதே குரல் மறுபடி, கொஞ்சம் பலமாக. அப்புறம்தான் பதில் வந்தது. இரைச்சல்தான் காரணமா என்பதை ஆராய்கிறவர்கள் சொல்லட்டும், நான் குறித்துக்கொடுக்கிற ஆள். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவ்வளவு பெரிய உயிர், அவ்வளவு பெரிய கடல், பிள்ளையைக் கூப்பிட இரண்டு தடவை வேண்டியிருக்கிறது! எங்கள் ஆலைக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லில்கூடச் சிப்பி ஒட்டியிருக்கும், ஒரு காலத்தில் இங்கேயும் கடல்தான். நான் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு மேலே எது எதைத் தேடிக்கொண்டு நீந்திப் போயிற்றோ.

வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பினேன். இப்போது சரியாக இருக்கிறது, அடுத்ததை அனுப்புகிறேன் என்று அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்தது. சாயங்காலம் ஆலை ஓடத் தொடங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இந்தத் தடவை விடக்கூடாது என்று. விளக்கேற்றுவதற்குள் எனக்கு அது கேட்காமல் போய்விட்டது.

சமையல்கட்டிலிருந்து மகள், “அம்மா” என்றாள். நான் வாய் திறப்பதற்குள் மறுபடி கூப்பிட்டாள், கொஞ்சம் பலமாக.

“வந்துட்டேன்டி” என்றேன். நானும் கத்தித்தான் சொன்னேன்.