பெரிய மிஷின் முதலில்

ஒரேயடியாகக் கெட்டுப்போன மிஷின் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. கழற்றிப் பார்க்கலாம், மாற்றலாம், வீட்டுக்குப் போகலாம். நாலு நாள் ஒழுங்காக ஓடி, ஐந்தாம் நாள் சேட்டை செய்து, நான் இரண்டு பஸ் மாறிப் போய் நிற்கும்போது ஒன்றும் அறியாததுபோலப் பச்சை விளக்கைக் காட்டுகிறதே, அதைக் கண்டால்தான் குமட்டிக்கொண்டு வரும். தொண்ணூறுகளின் கடைசியில் பனச்சமூட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்படி இரண்டு மிஷின்கள் இருந்தன. வைத்துக் கொடுத்தவன் நான்தான்.

அப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு சர்வீஸ் வேலை. வீடு பாறசாலைக்குப் பக்கம். பனச்சமூட்டில் ரோடுதான் எல்லை. ஆஸ்பத்திரியின் பெரிய கட்டிடம் கேரளத்தில், லேபும் மருந்து ஸ்டோரும் இருந்த சின்னக் கட்டிடம் ரோட்டுக்கு எதிரில் தமிழ்நாட்டில். இரண்டுக்கும் கரண்டு வேறு வேறு. முதலாளி இதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரிப்பார். "இஞ்ச கரண்டு போனா அங்க உண்டு. அங்க போனா இஞ்ச உண்டு. ரெண்டு கவர்மெண்டும் ஒரே நேரத்தில நம்மள சதிக்காது, கேட்டியா மக்கா."

அதனால் கட்டிடத்துக்கு ஒன்றாக இரண்டு சர்வர், பெரிய மிஷின், சின்ன மிஷின் என்று. நோயாளியின் விவரம், லேப் ரிசல்ட், மருந்து எல்லாம் அதில் ஏறும். ஒன்றில் எழுதுவது அந்த நொடியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று படுத்துவிட்டால் மற்றது தனியாக வேலையைத் தொடரும். படுத்தது எழுந்ததும், ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து விட்டுப்போனதை எழுதிக்கொள்ளும். மிரர் என்று பெயர். காகிதத்தில் பார்த்தால் எவ்வளவு அழகு.

திறப்பு நாளில் போதகர் வந்து ஜெபம் செய்தார். ஜெபம், ரிப்பன், கேக் எல்லாம் பெரிய கட்டிடத்து மிஷினுக்கு மட்டும். எதிரில் இருந்ததை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். ஜெபமோ பூஜையோ எதற்கு முதலில் செய்தோமோ அதைத்தான் என்றைக்கும் முதலில் எடுக்க வேண்டும். என் அப்பாவிடம் இரண்டு தையல் மிஷின் இருந்தது. பூஜை போட்ட மிஷினில் ஒரு தையல் ஓட்டாமல் மற்றதைத் தொடமாட்டார். ஆகவே முதலாளி என்னிடம், "ஜெபம் பண்ணின மிஷினாக்கும் எப்பளும் முதல்ல ஓடணும், அத எழுதி ஒட்டிரு" என்றபோது எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. எழுதி ஒட்டினேன். கேக்கும் தின்றேன்.

மூன்றாம் மாதம் புகார் தொடங்கியது. லேபில் மாலையில் அடிக்கும் ரிசல்ட்டுகளில் சில, மறுநாள் டாக்டர் பார்க்கும்போது இல்லை. எல்லா நாளும் இல்லை. வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள், சில வாரம் ஒன்றுமே இல்லை. ஒரு கர்ப்பிணியின் ரத்த குரூப் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. டாக்டர் ரோட்டைத் தாண்டி வந்து, ஊசி போட வரிசையில் நின்றவர்கள் முன்னால் லேபில் இருந்த அக்காவைக் கிழிகிழி என்று கிழித்தார்.

அந்த அக்கா வெள்ளறடைக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், இரண்டு பிள்ளைகள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இரண்டு மெமோ கொடுத்தாகிவிட்டது, மூன்றாவதோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று என்னிடமே சொன்னாள். "வேல போனா போட்டும் சார். ரிசல்ட்டு போடாதவன்னு பேரு வந்திட்டா பின்ன எந்த லேபில எடுப்பினும்?"

நான் அவளை நம்பினேனா? இல்லை. முதல் நாளே, "அக்கா, அடிச்ச பிறகு சேவ் பண்ணுறீங்களா?" என்று கேட்டேன். சின்னப் பிள்ளையிடம் கை கழுவினாயா என்று கேட்பதுபோல. அவள் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு ரிசல்ட்டும் நேரத்தோடு கையால் எழுதியிருந்தது. "அந்தப் பக்கம் கரண்டு இல்லாத நேரம் அடிச்சது மட்டுமாக்கும் போவுது. நான் பாத்து வச்சிருக்கேன்" என்றாள். உங்கள் கட்டிடத்தில்தான் கரண்டு இருக்கிறதே, அந்தப் பக்கம் போனால் உங்களுக்கென்ன என்று சொல்லி நோட்டை மூடினேன். படித்தவன் என்ற திமிர்.

அடுத்த மூன்று வாரம் நான் செய்ததை நினைத்தாலே எரிச்சலாக இருக்கிறது. நெட்வொர்க் கார்டை மாற்றினேன். ரோட்டுக்கு மேலே இழுத்திருந்த கேபிளில் காக்கா உட்காருகிறது என்று அதையும் மாற்றினேன். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். வைரஸ் தேடினேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்று நாள் நன்றாக ஓடும். சரியாகிவிட்டது என்று கம்பெனிக்குச் சொல்லி வாய் மூடுவதற்குள் போன் வரும்.

பெரிய சர்வர் இருந்த அறை கக்கூசுக்கு அடுத்தது. ஈரச்சுவர், பினாயில் நாற்றம், மிஷினுக்குப் பின்னால் எலிப்புழுக்கை. அதற்குப் பொறுப்பு ஆபீஸ் சூப்பர்வைசர், முதலாளியின் மச்சினன். அந்த மனிதர் சர்வர் அறைச் சாவியை வைத்துக் காது குடைவார். குடைந்து, சாவியை மோந்து பார்த்து, வேட்டியில் துடைத்து, "இன்னா சாரே" என்று என் கையில் தருவார். பூட்டைத் திறந்துவிட்டு நேரே குழாயடிக்குப் போய்க் கை கழுவுவேன். அவருடைய தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். "மிஷினுக்கு ஒரு கொழப்பமும் இல்ல சாரே. அவ அடிச்சிருக்க மாட்டா. பெண்ணுங்களுக்கு வீட்டுக்குப் போவுத அவசரம்." நானும் தலையை ஆட்டியிருக்கிறேன்.

அக்காவுக்கு மூன்றாவது மெமோவும் வந்து, வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால் விசாரணை என்றார்கள். வேறு வழி தெரியாமல் அந்தப் புதன்கிழமை மாலை லேபிலேயே அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கேரளத்தில் அப்போது மாலையில் அரைமணி நேரம் பவர்கட், வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். ஆறரைக்கு எதிர்க் கட்டிடம் இருண்டது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்த சர்வர் படுத்தது. எங்கள் பக்கத்து மிஷின் தனியாக ஓடியது. அக்கா மூன்று சர்க்கரை ரிசல்ட்டும் ஒரு மஞ்சள்காமாலை ரிசல்ட்டும் அடித்தாள். நாலும் பதிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஏழு மணிக்கு எதிரில் வெளிச்சம் வந்தது. உடனே சூப்பர்வைசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். சின்ன மிஷினின் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டுத் திரும்பிப் போனார். ஐந்து நிமிஷம் கழித்து, பெரிய மிஷின் ஓடத் தொடங்கியதும், அங்கிருந்து வாட்ச்மேனுக்கு விசில் வந்தது. வாட்ச்மேன் வந்து சின்ன மிஷினைப் போட்டார். அக்கா தேடிப் பார்த்தாள். நாலு ரிசல்ட்டும் இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எந்த மிஷின் முதலில் எழுந்து தனியாக நிற்கிறதோ, அது தன்னிடம் இருப்பதுதான் சரி என்று நினைத்துக்கொள்ளும். பெரிய மிஷினுக்கு அந்த அரைமணி நேரம் தெரியாது. பின்னால் எழும் சின்ன மிஷின் அதைப் பார்த்துத் தன்னிடம் இருந்த அரைமணியையும் அழித்துக்கொள்ளும். சூப்பர்வைசர் டீக்கடையில் இருந்த நாட்களில் வாட்ச்மேன் சின்னதை அணைக்காமல் பெரியதை மட்டும் போட்டிருக்கிறார், அன்று ஒன்றும் போகவில்லை. இவ்வளவுதான் விஷயம். மூன்று வாரமாக நான் கேட்காதவர் இல்லை, ஆனால் சுவிட்ச் போடுவதை ஒரு வேலையாக யாரும் எண்ணாததால் யாரும் சொல்லவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப எனக்க தப்பு இல்ல, இல்லியா சார்?"

"இல்ல அக்கா. வெள்ளிக்கிழமை விசாரணையில நானே சொல்லுதேன்" என்றேன். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திவிட்டு, அந்த நாலு ரிசல்ட்டையும் நோட்டைப் பார்த்து மறுபடியும் அடிக்கத் தொடங்கினாள்.

நான் ரோட்டைத் தாண்டிப் போய் சூப்பர்வைசரைப் பிடித்தேன். ஓடுகிற மிஷினை எதற்கு அணைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் சுவரைக் காட்டினார். "சார் எழுதி ஒட்டினதுதானே. நான் அதுபடியாக்கும் செய்யுதேன்."

சுவரில் என் கையெழுத்து. 'எப்போதும் பெரிய மிஷின் முதலில். அது ஓடிய பிறகே சின்ன மிஷின்.' கீழே என் கையொப்பம், கம்பெனி முத்திரை. முதலாளியைக் குளிர வைக்க நான் எழுதியது. அதன்படி நடக்க வேண்டுமானால் ஓடுகிற சின்னதை அணைத்துத்தானே ஆக வேண்டும். அத்தனை நாளும் அந்த மனிதரைப் பார்த்து முகம் சுளித்தேனே, அன்று என்னைப் பார்த்தே எனக்கு ஓங்கரிப்பு வந்தது.

அன்றைக்கே சின்ன மிஷினின் சுவிட்சை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, இனி யாரும் அதை அணைக்கக்கூடாது என்று வாட்ச்மேனிடமும் சூப்பர்வைசரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் கம்பெனி அப்போது இன்னும் மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கோளாறுக்குக் காரணம் நம் ஆள் எழுதிய காகிதம் என்று தெரிந்தால் மறுநாள் நான் தெருவில்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி அறைக்கு வெளியே சூப்பர்வைசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சாரே, அந்தப் பேப்பர நான் கீறி அடுப்பில போட்டாச்சு. சாருக்கும் நல்லது, எனக்கும் நல்லது." சொல்லிவிட்டு என் தோளில் தட்டினார். அந்தக் கை பட்ட இடத்தில் புழு ஊர்வதுபோல இருந்தது. ஆனால் நான் தோளை விலக்கவில்லை. நெஞ்சில் ஒரு கனம் இறங்கியதும் எனக்குத் தெரிந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

உள்ளே அக்கா நோட்டோடு நின்றாள். முதலாளி இரண்டு பக்கம் புரட்டினார். "இத பெறகு உக்காந்து எழுதினதா இருந்தாலோ?" என்று மேசைமேல் போட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "மக்கா, நீ சொல்லு. இதுவரைக்கும் போனதெல்லாம் மிஷினுக்க தப்பா, இவளுக்க தப்பா?"

"கரண்டு போய் வரும்போது சின்னக் கோளாறு வரலாம் சார். அதச் சரி பண்ணியாச்சு. இனி போகாது."

"இனி உள்ளத விடு. முந்தி போனது?"

"அதச் சரியாச் சொல்ல முடியாது சார்."

அக்கா நம்பாமல் என்னைப் பார்த்தாள். "சார், நீங்க எனக்க பக்கத்தில இருந்து கண்ணால பாத்தீங்கல்லா. புதன்கிழமை பாத்தீங்கல்லா."

"புதன்கிழமை நான் டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன் அக்கா. அத வச்சு மத்த நாளச் சொல்ல முடியாது."

பச்சைப் பொய். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மாதக் கடைசியோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து வழக்கமான சர்வீசுக்காகப் போயிருந்தேன். சுவிட்ச் பூட்டிய பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. லேபில் ஒரு புதுப்பெண். முதலாளி அறையில் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். டீ பாதி குடித்திருக்கும்போது அவருக்கு ஒரு போன் வந்தது. காட்டாக்கடையில் ஒரு லேபிலிருந்து. அக்கா அங்கே வேலை கேட்டிருக்கிறாள், ஆள் எப்படி என்று விசாரிக்கிறார்கள்.

முதலாளி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கேட்டார். "மக்கா, அவ போனதுக்கப்புறம் ஒரு ரிசல்ட்டாவது காணாமப் போயிட்டுண்டா?"

"இல்ல சார்" என்றேன்.

அது உண்மைதான். முதலாளி அதை அப்படியே போனில் சொன்னார். கம்ப்யூட்டர்காரன் முன்னால் இருந்து சொல்லுகிறான் என்றும் சேர்த்துச் சொன்னார். காட்டாக்கடையிலும் அக்காவை எடுக்கவில்லை.